மூன்று வீட்டுக்கு ஒரே சரடு

இது நடந்த கதை. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் உண்மை. மாரியம்மன் மேல் சத்தியம் செய்யலாம் என்று கையைத் தூக்கினேன். அதற்குள் ஷாஜி சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "விசுச்சேட்டா, அம்மனை விட்டுடு. அவங்களுக்கு வேற ஜோலி உண்டு" என்றான்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன். நான் ஒரு முழப் பாம்பைப் பார்த்தால் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது ஒன்பது முழம் ஆகிவிடும். சோறு தின்று முடிப்பதற்குள் அதற்கு மீசையும் முளைத்துவிடும். ஆனால் எதை இழுத்தேன், எதை இழுக்கவில்லை என்று கண்டுபிடிப்பது சுலபம். உங்களுக்கு எங்கெல்லாம் சிரிப்பு வருகிறதோ அதெல்லாம் நான் இழுத்தது.

மட்டாஞ்சேரியில் எங்கள் மாரியம்மன் கோவிலுக்கு எதிரே இருக்கும் ஷாஜியின் சாயாக் கடையில் உட்கார்ந்துதான் இதைச் சொன்னேன். கேட்டவர்கள் மூன்று பேர். கடைக்காரன் ஷாஜி ஒருவன். கோவில் கமிட்டிச் செயலாளர் சிவசங்கரன் என் பெஞ்சின் மறுமுனையில் இருந்தார். எங்கள் லைனில் ஒன்பதாவது வீட்டுக்காரி ஸ்வர்ணலதா கடைப் படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். பங்குனித் திருவிழாவுக்கு இருபது நாள்தான் இருந்தது. "பிச்சை போயாச்சு. இனி குட்டி லைனை யாரு பாக்கறது?" என்று சிவசங்கரன் கேட்டார். அந்தப் பேச்சில்தான் எனக்கு வாய் திறந்துகொண்டது. அது ஆறு வருஷமாக மூடியிருந்த வாய். என் வாய் ஆறு நிமிஷம் மூடியிருந்ததை யாரும் பார்த்ததில்லை என்பதால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லைன் என்பது நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடு. பதினைந்து வீடு, ஒரே நீளச் சுவர், ஒரே ஓட்டுக் கூரை. குப்பை வாரவும் ஓடை தோண்டவும் எங்கள் அப்பாக்களைச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கூட்டிவந்த காலத்தில் கட்டியது. ஒரு வீட்டுக் குழந்தை தும்மினால் ஐந்தாவது வீட்டிலிருந்து "நூறு!" என்று வாழ்த்துவார்கள். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் மற்ற பதினாலு வீட்டிலும் அந்த வாசனையைத் தொட்டுக்கொண்டே சோறு இறங்கிவிடும்.

எட்டாவது வீடு பிச்சை அண்ணனுடையது. காலையில் பஜார் ரோட்டைக் கூட்டுவார், அது கார்ப்பரேஷன் வேலை. மத்தியானத்துக்கு மேல் எலக்ட்ரிக் வேலை. பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிப்பார், தமிழ் எழுத்து அவருக்குக் கோலம் மாதிரி. ஆளின் உயரம் எவ்வளவு என்றால், தெருவிளக்குக்குப் பல்பு மாட்ட மற்றவர்கள் ஏணி தேடுவார்கள், அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் குனிவார். டெஸ்டர் வாங்க மாட்டார். வயரில் கரண்ட் இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கு, ஆனா இன்னிக்கு நல்ல மூடுல இல்ல" என்பார்.

தொண்ணூற்றொன்றில் ஒரு கிறிஸ்துமஸ் சமயம். பக்கத்துத் தெருவில் புல்கூடு வைத்திருந்தார்கள். மாட்டுத்தொழுவத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டி வீடு, வீட்டுக்குள் குட்டி விளக்கு. லைனே திரண்டுபோய்ப் பார்த்தது. திரும்பி வரும்போது பிச்சை அண்ணன் பெண்சாதி பாண்டிச்செல்வி அக்கா கேட்டாள்: "அவுக வெச்சது அவுக சாமி பொறந்த ஊரு. நம்ம அம்மனுக்கு எந்த ஊர வெப்பீங்க?"

அண்ணன் யோசித்துப் பார்த்தார். அம்மன் எங்கே பிறந்தாள் என்று லைனில் யாருக்கும் தெரியவில்லை. "பொறந்த ஊரு தெரியாது, குடியிருக்கற ஊரு தெரியுமில்ல" என்று சொல்லிவிட்டு எங்கள் லைனையே கட்ட ஆரம்பித்தார்.

தேயிலைக் கிடங்குகளில் கழித்துப்போடும் பெட்டிப் பலகைதான் சுவர். அந்தப் பலகையின் ஒரு பக்கம் வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். அதை உள்பக்கமாக வைத்தால் சின்ன பல்பு போட்டாலும் வெளிச்சம் தகதகவென்று அடிக்கும். பதினைந்து வீட்டையும் ஒவ்வொன்றும் ஒரு முழ உயரத்தில் அப்படியே கட்டினார். அதுதான் குட்டி லைன், திருவிழாவுக்குக் கோவில் முன்னால் வைப்போம். ஏழாவது வீட்டு ரங்கசாமியின் நீலக் கதவு, ஸ்வர்ணலதா வீட்டு உடைந்த ஓடு, குழாயடியில் கவிழ்த்துவைத்த குடம் எல்லாம் இருந்தது. என் வீட்டுக் கதவு ஒருபக்கம் சாய்ந்திருக்கும். அதையும் சாய்த்தே வைத்தார். "நேராக்கினா உன் வீடுன்னு யாருக்குலே தெரியும்?" என்றார்.

ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு ஜீரோ பல்பு. பின்னால் ஒரு பலகையில் பதினைந்து சுவிட்ச். திருவிழாவுக்குக் கொடி ஏறிய மாலை அந்தந்த வீட்டுப் பெண் வந்து அவளவள் சுவிட்சைப் போடுவாள். வீட்டில் விளக்கு எரிந்ததும் எல்லோரும் கை தட்டுவோம். பத்து நாளும் இப்படித்தான். அந்த வருஷம் சாவு விழுந்த வீடு மட்டும் போடாது. ஒரு வருஷம் அவர்களுக்குத் திருவிழா இல்லை அல்லவா, அதனால் குட்டி லைனிலும் அந்த வீடு இருட்டாக இருக்கும். அடுத்த வருஷம் மறுபடி எரியும். யாரும் உட்கார்ந்து எழுதிவைத்த சட்டம் இல்லை. முதல் வருஷம் யாரோ ஒருத்தி போடாமல் நின்றாள், அதுவே வழக்கமாகிவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தெருவில் கால் வைத்ததும் முதலில் குட்டி லைனைத்தான் பார்ப்பார்கள். எந்த வீடு இருட்டு என்று பார்த்துவிட்டு நேரே அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போவார்கள்.

"இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா? கதைக்கு வா" என்றார் சிவசங்கரன்.

"வர்றேன், செயலாளரே. கோவில் கணக்கு வாசிக்கறப்ப நாங்க பொறுத்துக்கறதில்லையா?"

பிச்சை அண்ணனுக்கு ஒரே மகன், ரமேஷ்பாபு. அப்பா தரையில் நடக்கும் எலக்ட்ரிக்காரன், மகனுக்குத் தண்ணீர்ப் பைத்தியம். தோப்பும்படி ஹார்பரில் மீன்பிடி போட்டில் வேலைக்குச் சேர்ந்தான். நின்றுகொண்டே சோறு தின்பான். கேட்டால், "போட்டுல உக்காந்து தின்னா தட்டு எந்திரிச்சுப் போயிரும்மா" என்பான். ஒருமுறை அவன் இடுப்பு வெள்ளி அரைஞாண் கொடியில் கொக்கி விட்டுப்போனது. ஆசாரியிடம் கொண்டு போகச் சொன்னாள் அக்கா. அண்ணன் கேட்கவில்லை. சால்டரிங் அயனை எடுத்தார், ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தார். வெள்ளிக்கொடியில் மிளகு அளவுக்கு ஒரு ஈயக்கட்டி. இந்த உலகத்தில் எந்த ஆசாரியும் செய்யாத வேலை. ரமேஷ் அதை லைன் முழுக்கக் காட்டி, "எங்கப்பா எனக்கு எர்த் குடுத்திருக்காரு" என்று சிரித்தான்.

இரண்டாயிரத்து இரண்டில், மழைக்கால ட்ரோலிங் மீன்பிடித் தடை முடிந்து முதல் வாரம் கடலுக்குப் போன போட் திரும்பவில்லை. ஏழு பேர் போனார்கள். நான்கு பேரின் உடல் கிடைத்தது. மூன்று பேர் கிடைக்கவில்லை. கிடைக்காத மூன்றில் ஒன்று ரமேஷ்பாபு.

பாண்டிச்செல்வி அக்கா அழவில்லை. "கெடைக்கலேன்னா இருக்கான்னு அர்த்தம்" என்றாள். வெள்ளிக்கிழமை தோறும் தோப்பும்படிக்குப் போய் ஒவ்வொரு போட் ஸ்ராங்கிடமும் கேட்பாள். போட் ஓட்டும் ஸ்ராங்குமார் நல்லவர்கள். ஆரம்பத்தில் நின்று பதில் சொன்னார்கள். போகப் போக, அவள் ஹார்பர் கேட்டில் நுழையும்போதே தூரத்திலிருந்து தலையை ஆட்டினார்கள். அவள் கிட்டப் போய் அதை அவர்கள் வாயால் கேட்டுவிட்டுத்தான் திரும்புவாள்.

இனி சொல்லப்போவதில் ஒரு சொல்லையும் நான் இழுக்கவில்லை.

அடுத்த ஜனவரியில் பிச்சை அண்ணன் என்னிடம் வந்தார். "லே விசு, பழனிக்குப் போறேன்னு வீட்ல சொல்லியிருக்கேன். நீயும் வா" என்றார். ரயில் ஏறின பிறகுதான் அது வடக்கே போகிற ரயில் என்று பார்த்தேன். கர்நாடகக் கரையில் ஒரு சின்ன ஊர். அங்கேயிருந்து போலீஸ் அண்ணனுக்குத் தனியாகத் தகவல் அனுப்பியிருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் மேசைமேல் ஒரு கவரைப் பிரித்துக் கொட்டினார்கள். அரைஞாண் கொடி. அண்ணன் அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து அந்த ஈயக்கட்டியை மட்டும் பார்த்தார். பிறகு புறங்கையால் அதைத் தொட்டார்.

மழைக்காலத்தில் ஒதுங்கிய உடலை அந்த ஊர்க்காரர்களே கரையில் புதைத்திருந்தார்கள். இடத்தைக் காட்டினார்கள். ஒரு மணல்மேடு, மேலே ஒரு தென்னமட்டை. அங்கேயே மொட்டை போட்டுக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்தார். மூன்றாவது நாள் எறணாகுளத்தில் இறங்கி, பூஜைச் சாமான் கடையில் ஒரு டப்பா பழனி பஞ்சாமிர்தம் வாங்கினார். "இன்னிக்குச் சொல்லிருவேன். இத வாங்கினது, நான் சொல்ற வரைக்கும் கையில ஏதாவது இருக்கணும்ல, அதுக்குத்தான்" என்றார்.

லைனுக்குள் நுழைந்தோம். அக்கா வாசலில் நின்றாள். அவர் மொட்டையைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்து, "வேண்டுதல் முடிச்சாச்சா? அப்ப வந்துருவான்" என்றாள். டப்பாவை வாங்கிக்கொண்டு பதினைந்து வீட்டுக்கும் கொடுக்கப் போய்விட்டாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என் சாய்ந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸ்வர்ணலதா கையில் பூ நின்றுவிட்டது. "ஏ விசு. நான் அத வாங்கித் தின்னேனே. கண்ணுல ஒத்திக்கிட்டுத் தின்னேனே."

"எல்லாரும் தின்னோம். நானும் தின்னேன்."

"நீ தெரிஞ்சுல்ல தின்னே?"

"அவனைச் சொல்ல விடு சேச்சி" என்றான் ஷாஜி. சாயாப் பாத்திரம் கொதித்து வழிந்தது. அவன் அதை இறக்கவில்லை.

ஏப்ரலில் திருவிழா. எட்டாவது வீடு எரியலாமா கூடாதா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. அக்காவே வந்து, "என் வீட்ல சாவு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொடி ஏறினதும் வந்து சுவிட்சைப் போட்டாள். எரிந்தது. எல்லோரும் கை தட்டினோம். பிச்சை அண்ணனும் தட்டினார். அதற்கடுத்த வருஷமும் தட்டினார். அதற்கடுத்த வருஷமும்.

நடுவில் அவர் சொல்ல முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு நாள் சொல்ல உட்கார்ந்தாராம். அவள், "வர்றப்ப எளச்சுப் போயி வருவான், ஒரு கோழி வளக்கலாமா?" என்று கேட்டாளாம். அவர் எழுந்துபோய்க் கோழிக்கூடு அடித்துக் கொடுத்தார்.

இரண்டாயிரத்து ஐந்துத் திருவிழாவில்தான் அந்த ஷாக். ஜீரோ பல்பு பத்து நாள் எரிந்தால் இட்லி அவிக்கிற அளவுக்குச் சூடு வரும். ஒன்பதாவது குட்டி வீட்டுக்குள் வயரின் மேல்தோல் உருகி, செம்பு வெள்ளித்தாளில் பட்டுவிட்டது. வீடு முழுக்கக் கரண்ட். நம் ஸ்வர்ணலதா தன் வீட்டுக் கூரைக்கு ஒரு முழம் மல்லிகை சாத்தப் போனாள். தொட்டாள். தூக்கி எறிந்ததில் பறந்துபோய் வில்லிங்டன் தீவில் கப்பல் மேல் விழுந்தாள்.

"செண்ட மேளக்காரன் மடியில" என்றார் சிவசங்கரன்.

"ரெண்டு பேரும் நாசமாப் போங்க" என்றாள் ஸ்வர்ணலதா. ஆனால் சிரிக்கவில்லை.

அன்றைக்கே சிவசங்கரன் உத்தரவு போட்டார். வீட்டுக் கரண்ட் இனி ஆகாது. அடுத்த வருஷம் பன்னிரண்டு வோல்ட், இல்லாவிட்டால் குட்டி லைனே வேண்டாம். அப்போதுதான் வெள்ளை எல்.இ.டி. கடைக்கு வந்திருந்தது. பிச்சை அண்ணன் எறணாகுளம் பள்ளிமுக்கில் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் வாங்கிவந்தார். அரிசிப் பருக்கைக்கு அண்ணன் மாதிரி இருக்கும், அவ்வளவுதான் சைஸ். சூடு கிடையாது, தொட்டால் ஷாக் கிடையாது. ஒரு ஆட்டோ பேட்டரி பத்து நாளும் தாங்கும். மாசி முழுக்க உட்கார்ந்து பழைய வயரை எல்லாம் பிடுங்கினார். கரிந்த ஹோல்டரைக் கழற்றினார், வெள்ளித்தாளில் ஓட்டை போட்டு எல்.இ.டி.யைச் சொருகினார். அக்கா பார்த்துவிட்டு, "இது ஆஸ்பத்திரி வெளிச்சமால்ல இருக்கு" என்றாள். லட்டு மடிக்கிற மஞ்சள் கண்ணாடித்தாளைச் சுற்றினார். சமையல் நடக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது. அவள் எட்டாவது வீட்டு ஜன்னலில் கண்ணை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சிவசங்கரன் முன்னால் வைத்துச் சோதித்தபோது பதினைந்தும் ஜம்மென்று எரிந்தது.

அந்தத் தை மாதம் ஏழாவது வீட்டு ரங்கசாமி நெஞ்சுவலியில் இறந்துபோயிருந்தார். அதனால் அந்த வருஷம் ஏழு இருட்டு.

கொடி ஏறியது. முதல் வீட்டுக்காரி வந்து சுவிட்சைப் போட்டாள். எரியவில்லை. "பொறு. மூணு வீட்டுக்கு ஒரே சரடு. மூணும் போட்டாத்தான் எரியும்" என்றார் பிச்சை அண்ணன். ஒரு எல்.இ.டி.க்கு மூன்று வோல்ட் சொச்சம் போதும், அதனால் பூச்சரம் மாதிரி மூன்று மூன்றாகக் கோத்திருந்தார். இரண்டாவது வீட்டுக்காரி போட்டாள், மூன்றாமவள் போட்டாள். மூன்று வீடும் பளிச்சென்று சேர்ந்து எரிந்தன. "புது லைட்டுக்குத் தனியா எரியப் பயம்" என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மூன்றும் அப்படியே. கை தட்டல்.

அதற்கடுத்த மூன்று ஏழு, எட்டு, ஒன்பது.

ரங்கசாமி பெண்சாதி சீதாலக்ஷ்மி துக்கக்காரி என்பதால் கோவில் பக்கம் வராமல் இதே ஷாஜி கடைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டிச்செல்வி அக்கா வந்து எட்டைப் போட்டாள். ஸ்வர்ணலதா வந்து ஒன்பதைப் போட்டாள். எரியவில்லை. அக்கா சுவிட்சை மேலே தள்ளி மறுபடி போட்டாள். மூன்று தடவை. பின்னாலிருந்து யாரோ, "ஏழு போடலையே, அப்ப எட்டு எப்படி எரியும்?" என்றார்கள்.

சீதாலக்ஷ்மி அதைக் கேட்டாள். ரோட்டைத் தாண்டி விறுவிறுவென்று வந்தாள். "நான் போடறேங்கா. அவுக ஒண்ணும் நெனைக்க மாட்டாக. உங்க வீடு எரியட்டும்" என்று ஏழாம் சுவிட்சில் கையை வைத்தாள்.

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் தாயி. உன் வீட்டுச் சாவுக்கு உன் வீடு இருட்டாத்தான் இருக்கணும். இவரு மாத்திக் கட்டிருவாரு." திரும்பி, "எம்புட்டு நேரமாவும்?" என்று கேட்டாள்.

"பத்து நிமிஷம்" என்றார் அண்ணன்.

"பெறகென்ன? கட்டுங்க."

அவர் கையில் ஸ்க்ரூட்ரைவர் இருந்தது. நின்றார். மேளக்காரர்கள் கோலைத் தூக்கிப்பிடித்தபடி காத்திருந்தார்கள். அவ்வளவு உயரமான மனுஷன் அன்றைக்கு என் தோளுக்கு இருந்தார். இது இழுத்தது இல்லை.

"என்னங்க?"

"இருட்டா இருக்கட்டும் செல்வி."

"யாருக்கு?"

அவர் எட்டாவது வீட்டின் குட்டிக் கதவைப் புறங்கையால் தொட்டார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீதாலக்ஷ்மியின் கையை இன்னும் விடவில்லை.

"எத்தன நாளாத் தெரியும்?"

"மூணு வருஷம்."

"மூணு வருஷமா நான் சுச்சு போடறத நின்னு பாத்தீங்க."

"பாத்தேன்."

"பாத்துட்டுக் கையும் தட்டுனீங்க."

"தட்டினேன்."

அக்கா எட்டாவது சுவிட்சை மேலே தள்ளினாள். எரியாத விளக்கைத்தான் அணைத்தாள். பிறகு சீதாலக்ஷ்மியின் தோளைப் பிடித்துக்கொண்டு லைனுக்கு நடந்தாள். நடு வழியில்தான் அழ ஆரம்பித்தாள். மூன்றரை வருஷத்து அழுகை. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் கோவில் பக்கம் போனபோது பிச்சை அண்ணன் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதினைந்து வீட்டுக்கும் தனித்தனி வயர், தனித்தனி ரெசிஸ்டர். அது கரண்டை மட்டுப்படுத்துகிற குட்டிச் சாமான். மூன்றைக் கோத்தால் ஒரு அளவு போடவேண்டும், தனியாக ஒன்றுக்கு என்றால் அதைவிடப் பெரிய அளவு. மேலே இருக்கும் வண்ணக் கோடுகள் வேறு. முதல் நாள் போட்டிருந்தது பழுப்பு, சிவப்பு, பழுப்பு. இப்போது எல்லாம் மஞ்சள், ஊதா, பழுப்பு. அன்றிலிருந்து ஒன்பது எரிந்தது. ஏழும் எட்டும் பத்து நாளும் இருட்டாக இருந்தன. துக்கம் கேட்க ஆட்கள் எட்டாவது வீட்டுக்கு வந்தார்கள். வைட்டிலாவிலிருந்தும் களமசேரியிலிருந்தும் வந்தார்கள். தோப்பும்படி ஸ்ராங்குமார் ஆறு பேர் சேர்ந்து வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

வருஷம் முடிந்தது. அடுத்த திருவிழாவில் அக்கா வந்து சுவிட்சைப் போட்டாள். எட்டு எரிந்தது. எல்லோரும் கை தட்டினோம். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அரிசி பற்றிப் பேசினார்கள், மழை பற்றிப் பேசினார்கள். மகன் பெயரை அவரிடம் அவள் எடுக்கவே இல்லை. போன கர்க்கடக மாச மழையில் காய்ச்சல் வந்து அவர் படுத்தார், நாலே நாள். அக்கா இப்போது களமசேரியில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். அவ்வளவுதான் பிச்சை அண்ணன் கதை.

ஷாஜிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"விசுச்சேட்டா, ஒரு சம்சயம். அன்னிக்குக் காலைல ஆறு மணின்னு சொன்னீங்க."

"ஆமா."

"பள்ளிமுக்குல கடை தொறக்கறது பத்து மணிக்கு. அந்த வேற கலர் சாதனம் பதினஞ்சும் ஆறு மணிக்கு அவருக்கு எங்கேந்து கிட்டிச்சு?"

சத்தியமாகச் சொல்கிறேன், அது வரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை.

ஸ்வர்ணலதா பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "அப்ப முன்னாடியே வாங்கி வெச்சிருக்கான். தெரிஞ்சே கோத்திருக்கான். ரங்கசாமி செத்தாச்சு, ஏழு எரியாது, ஏழோட சேத்துக் கட்டினா எட்டும் எரியாதுன்னு தெரிஞ்சே செஞ்சிருக்கான்! பொண்டாட்டிகிட்ட வாயத் தொறந்து சொல்லத் துப்பில்லாம வயரு கிட்டச் சொல்லச் சொல்லியிருக்கான்!"

"வாய அளந்து பேசு" என்றார் சிவசங்கரன். "புது லைட்டு. மூணாப் போடறதா தனியாப் போடறதான்னு தெரியாம ரெண்டு சாமானும் வாங்கியிருப்பான். எந்த வேலக்காரனும் அப்படித்தான் வாங்குவான். செத்த மனுஷனுக்குக் கொம்பு வெக்காதே."

"இருபது வருஷம் வயரிங் பண்ணினவனுக்கு, ஒண்ணு போடலேன்னா மூணும் போயிரும்னு தெரியாதா? என் வீட்டையும் சேத்துல்ல இருட்டாக்கினான்! சாவே விழாத வீடு! அந்த வருஷம் முழுக்க என் மக காய்ச்சல்ல கெடந்தா, தெரியுமா ஒனக்கு?"

"ஓ, காய்ச்சலும் பிச்சை கோத்ததா?"

"சேட்டா, தெரிஞ்சு செஞ்சா என்னா தெற்று, என்னா தப்பு?" என்று ஷாஜி கரண்டியோடு வெளியே வந்தான். "பாவம், அவருக்கு அதச் சொல்ல நாக்கு பொங்கல. அந்த அம்மா ஆயுசு முழுக்க ஹார்பர்ல போய் நிக்கணுமா?"

"ஊரு கூடி நிக்கற எடத்துல வெச்சா? மேளக்காரன் முன்னாலயா? வீட்டுக்குள்ள கதவச் சாத்திட்டுச் சொல்ல வேண்டியதத் தெருவுல வெச்சு! நீ ஆம்பள, உனக்கு அது பாவமாத்தான் தெரியும்!"

"தெரியாம நடந்ததுன்னு சொல்றேன், நீங்க ரெண்டு பேரும்..." என்றார் சிவசங்கரன்.

"தெரிஞ்சுதான்!"

"கமிட்டில வெச்சுக் கேப்போம் வா. அக்காவையே கூப்பிட்டுக் கேப்போம்."

"கேளு! கேட்டுத்தான் பாரு! அந்த அக்கா மூஞ்சியப் பாத்து நீ இதக் கேட்டேன்னா, உன் செயலாளர் வேட்டிய நான் உருவறேன். ஏ விசு, நீ எங்க நழுவற? மூணு வருஷம் அவ கையால சோறு வாங்கித் தின்ன வாய்தானே அது? ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு சொல்லக் கூடாதா?"

"அவனை ஏன் பிடிக்கறே? அவன் சொன்னா யாரு நம்புவா?" என்று சிவசங்கரன் கத்திக்கொண்டே எழுந்தார். அவர் எழுந்ததும் பெஞ்சு என் பக்கம் சாய்ந்தது. நான் கண்ணாடித் தம்ளரோடு தரையில் விழுந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்வர்ணலதா பூக்கூடையைத் தூக்கிக் கையில் பிடித்திருந்தாள், எறிவதற்கா எடுத்துக்கொண்டு போவதற்கா என்று தெரியவில்லை. ஷாஜி நடுவில் கரண்டியை நீட்டிக்கொண்டு, "என் கடைல வேண்டா, என் கடைல வேண்டா" என்று கத்தினான். "தெரிஞ்சுதான்!" என்றாள் அவள். "தெரியாம!" என்றார் அவர்.